முன்பக்கம் இல்லாத கள்ளி

டொப் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து, டொப். நனைந்த ரப்பர் பந்துகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கு சரிவதற்குள் அதை ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைப்பதுபோன்ற அந்தச் சத்தம், புயல் ஓய்ந்த பதினெட்டாம் நாள், ஜெபமாலை முடிந்து பெண்கள் முக்காட்டைத் தோளில் இறக்கிவிட்டுக்கொண்டு உலை வைக்கப் போன நேரத்தில், புன்னைமுனையின் ஒரே நீளத் தெருவில் கடற்கரைப் பக்கமிருந்து கிளம்பி வந்தது. தெருவின் இந்தக் கோடியில், வாசல் நேரே கடலைப் பார்க்கிற வீட்டில், ஐந்து வயது மகள் செரினுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ஜெனோவா கையில் உருண்டையோடு எழுந்து வந்து பார்த்தாள். தெருவிளக்குகள் எரிந்தன. தெரு காலியாகக் கிடந்தது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆனால் தெருவின் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். சப்பரம் போகும்போது திரும்புவதைப்போல எல்லார் தலையும் ஒருசேர, மெல்ல மெல்லத் திரும்பியது.

"என்ன மைனி போவுது?" என்று ஜெனோவா கத்திக் கேட்டாள். அவளுடைய புருஷனின் அக்காள் பெர்னத்து நாலு வீடு தள்ளி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பச்சையா ஒண்ணு போவுது பிள்ளே. அஞ்சு உருண்டை. தலையில பூ வச்சிருக்கு."

ஜெனோவா படியிறங்கி, ஓரமாக நடந்து, மைனி பக்கத்தில் போய் நின்று பக்கவாட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓர் ஆள் உயரம். உருண்டை என்று சொன்னாலும் அவற்றின் ஓரம் வளைவாக இல்லாமல், சின்னச் சின்னச் சதுரக் கற்களை அடுக்கியதுபோலப் படிப்படியாக இருந்தது. முட்களும் சதுரம், கண்ணும் சதுரம், உச்சியில் இருந்த சிவப்புப் பூவும் நாலே நாலு சதுரம். இருட்டில் மங்காத பச்சை. நிழல் கிடையாது. நேர்முன்னால் போய் நின்றவர்களுக்கு ஒரு பச்சை நூல் தொங்குவதுபோலத் தெரிந்தது, கண்ணைச் சிமிட்டினால் அதுவும் இல்லை. அதற்குப் பக்கம் உண்டே தவிர முன்பக்கம் இல்லை. மற்ற வீடுகளுக்கு அது பக்கவாட்டில் போனது, ஜெனோவாவின் வீட்டை நோக்கி மட்டும் நேராக வந்தது. அதனால் ஊரே அதைப் பார்த்தது, அவள் வாசலுக்கு மட்டும் வெறும் சத்தம்.

"அது கள்ளித்தம்பி" என்றாள் செரின், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பூனையைச் சொல்வதுபோல. "அப்பா கேம்ல வருமே, அது."

அந்த கேம் பெட்டியை ஜெனோவாவின் புருஷன் தொபியாஸ் தூத்துக்குடியில் வாங்கி வந்தது மகளுக்கென்றுதான், ஆடியது அவன்தான். கடலுக்குப் போகாத நாட்களில் டி.வி. முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, முதுகில் மூட்டை கட்டிய ஒரு சின்ன ஆளைக் குதிக்கவைத்துக் குதிக்கவைத்து நாலாவது கட்டம்வரை கொண்டுபோயிருந்தான். நாலாவது கட்டம் பாலைவனம். அங்கேதான் அந்தக் கள்ளி வரும். அது பெரிய எதிரி இல்லை. பெரிய எதிரிகளுக்கெல்லாம் பெயர் உண்டு, தனி மேளம் உண்டு. இதற்கு எதுவும் கிடையாது. மணல்மேட்டில் இந்தப் பக்கம் போகும், எதிலாவது முட்டினால் திரும்பி அந்தப் பக்கம் போகும். தொட்டால் ஓர் உயிர் போய்விடும். வழியில் வருகிற எல்லாவற்றையும் அடித்து நொறுக்குகிற தொபியாஸ் இதை மட்டும் அடிக்கமாட்டான். தாண்டிக் குதித்துவிட்டு, "போயிட்டு வா தம்பி" என்பான்.

"பாவம் பிள்ளே, அதுக்கு நம்ம மேல என்ன கோவம்? போகணும், முட்டணும், திரும்பணும். அவ்வளவுதான் அதுக்குச் சொல்லிக் குடுத்தது" என்று ஜெனோவாவிடம் சொல்வான்.

மூட்டைக்கார ஆளுக்கு மூன்று உயிர். உயிர் ஒன்று போனால் கொஞ்சநேரம் மின்னி மின்னி மறைந்து தெரிவான். மூன்றும் போனால் திரை இருண்டு, மேளம் கொட்டி, முதல் கட்டத்தின் வாசலில் புதுசாக வந்து நிற்பான். ஒருநாள் செரின் கேட்டாள்: "செத்துட்டு மறுபடி மொதல்லேர்ந்து வாரானே, அது அதே ஆளாப்பா?" தொபியாஸ் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிஜமாகவே யோசித்தான். "தெரியலையே மக்கா. அதே சட்டை போட்ட வேற ஆளா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தான். கிரைண்டரை ஓடவிட்டுக்கொண்டு நின்ற ஜெனோவாவும் சிரித்தாள்.

புயலுக்கு முந்தின சாயங்காலம் மூட்டைக்கார ஆள் அந்தரத்தில் குதித்துக்கொண்டிருக்க, கீழே கள்ளி நின்றுகொண்டிருக்க, ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுத் தொபியாஸ் எழுந்தான். "அணைச்சிராத. அணைச்சா மொதல்லேர்ந்து வரணும். வலை கடல்ல கெடக்கு, பாத்து எடுத்துட்டு வந்து ஆடுதேன்." இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரம். கூடப் போனவர்கள் இரண்டு பேர். மூன்றாம் நாள் அந்த இரண்டு பேரும் உடம்பாகக் கரை ஒதுங்கினார்கள், தொபியாஸ் ஒதுங்கவில்லை. அதே மூன்றாம் நாள்தான் ஊரில் கரண்டு போனது, அதுவரை அந்தரத்தில் நின்ற ஆளும் கீழே நின்ற கள்ளியும் இருட்டில் போனார்கள். கரண்டு திரும்பி வந்தபோது திரையில் வெறும் நீலம்.

புன்னைமுனையில் ஒரு வழக்கம். கடலில் போன ஆள் உடம்பாகவாவது திரும்புகிறவரை அந்த வீட்டு வாசல் கதவுக்குத் தாழ் போடக்கூடாது. ஆளின் பழைய துணியைக் கிழித்துத் தாழ்ப்பாளில் சுற்றி வலைமுடிச்சு போட்டுவிடுவார்கள். போன ஆள் வந்து அவன் கையாலேதான் அவிழ்க்கவேண்டும். கடலிலிருந்து வருகிறவன் அரை உயிரோடு வருவான், தட்டுவதற்குக்கூடக் கையில் பலம் இருக்காது, அவன் சாய்ந்தாலே கதவு திறக்கவேண்டும் என்பார்கள். கதவை வெறுமனே சாத்தலாம். தாழ் போட்டால், வீட்டுக்காரியே அவனைச் செத்தவன் என்று சொன்னதாகிவிடும். அந்த வீட்டுப் பெண் வேறெங்கும் ராத்தங்கவும் கூடாது. தம்பியை ஆறு வயதிலிருந்து தூக்கி வளர்த்த பெர்னத்துதான் நீலக் கட்டச் சாரம் ஒன்றைப் பல்லால் கடித்துக் கிழித்து, தாழ்ப்பாளைச் சுற்றி, அழாமல் அந்த முடிச்சைப் போட்டாள்.

ஜெனோவா கான்வென்ட்டில் தங்கிப் படித்தவள். அங்கே ஒவ்வொரு ராத்திரியும் ஹாஸ்டல் சிஸ்டர் டார்ச் லைட்டோடு வந்து பெரிய கதவின் மூன்று தாழ்களையும் போடுவார்; மூன்றாவது தாழ் விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் அவளுக்குத் தூக்கம் வரும். தாழில்லாத கதவுக்குப் பின்னால் அவள் பதினெட்டு நாளாகத் தூங்கியிருக்கவில்லை.

கள்ளியை ஊர் எடுத்துக்கொண்டது. முதல் நாள் பார்த்தார்கள், இரண்டாம் நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் அதற்கு ஏற்றபடி வேலையை மாற்றிக்கொண்டார்கள். ஏலம் கூறுகிற கஸ்பார், அது நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு, "அடிக்கு ஒருக்கா நின்னு யோசிக்கி பாரும், பொண்ணு பாக்கப் போற மாப்பிள கணக்கா" என்றான். பெண்கள் அதற்குப் பச்சையாள் என்று பெயர் வைத்து, பச்சையாள் ரைஸ்மில் தாண்டினால் உலையை இறக்கவேண்டும் என்று நேரம் பார்த்தார்கள். முதலில் குரைத்த நாய்கள் பிறகு அதன் பக்கத்திலேயே நடந்தன. கோயில் உபதேசியார் புனிதர்கள் சரித்திரத்தை எடுத்துவைத்துக்கொண்டு பச்சை நிறத்தில் யாராவது வந்திருக்கிறார்களா என்று இரண்டு நாள் தேடினார். கிடைக்காமல் போகவே, புத்தகத்தை மூடிவிட்டு, யாரும் அதைத் தவறவிடாதபடி சாயங்கால மன்றாட்டில் பத்து நிமிஷம் குறைத்துக்கொண்டார். ஒரு கல்யாண ஊர்வலம் பேண்டு வாத்தியத்தை நிறுத்திவிட்டு அதற்கு ஒதுங்கி நின்றது. மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். ராயப்பன் என்கிற முரடன் மட்டும் பந்தயத்துக்காக அதைக் கையால் தொட்டுப் பார்த்தான். தொட்டவன் மின்னினான். இருந்தான், இல்லை, இருந்தான், இல்லை. ஏழெட்டு மூச்சுவிடுகிற நேரம். "டியூப்லைட்டு பிடிக்க மாட்டேங்கி, ஸ்டார்ட்டர மாத்துங்கடே" என்று கஸ்பார் சொல்ல, தெருவே சிரித்தது. ராயப்பன் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிப் படுத்தவன் மறுநாள் அந்த நேரத்துக்குத் தெருவிலேயே இல்லை.

முதல் சில நாட்கள் அது பாதித் தெருவரைதான் வந்தது. கஸ்பாரின் மீன்பெட்டி அடுக்கில் முட்டித் திரும்பியது. இன்னொரு நாள் வலைக் குவியலில் முட்டித் திரும்பியது. ஒருநாள் மாதா சிலை வைத்த கெபிக்கு எதிரே யாரோ நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளில். ஒவ்வொரு முறையும் முட்டிய இடத்தில் ஒருகணம் நின்று, ஒரு வருத்தமும் இல்லாமல் மறுபக்கம் பார்த்து, டொப், டொப் என்று கடலுக்குப் போனது.

"என் தம்பி வீட்டுக்குத்தான் வழி தேடுது" என்றாள் பெர்னத்து. கெபிக்கு எதிரே எல்லார் முன்னாலும் நின்று சொன்னாள். "அவனுக்குத் தெரிஞ்ச ஆளு. அவன் சொல்லி அனுப்பாம அது எதுக்கு இந்தத் தெருவுக்கு வருது? நாமதான் பெட்டியும் வலையும் போட்டு மறிக்கோம்."

யாரும் மறுக்கவில்லை. அந்தத் தெருவில் தாழ் போடாத கதவைப் பார்த்து வளராதவர்கள் கிடையாது. திருவிழாவில் சப்பரம் வருவதற்கு முன்னால் எப்படித் தெருவை ஒதுக்குவார்களோ அப்படியே ஒதுக்கினார்கள். மீன்பெட்டிகள் சந்துக்குள் போயின, வலைகள் கூரைக்கு ஏறின, ஆடுகளைப் பிடித்துக் கட்டினார்கள், தாழத் தொங்கிய பந்தல் துணியைக்கூடச் சுருட்டி உயர்த்தினார்கள், பெண்கள் இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து மணலை அமர்த்தினார்கள்.

ஜெனோவா ஓடி ஓடிச் சொன்னாள். "மைனி, வேண்டாம். அதுக்கு வழி விடக்கூடாது. முட்டினாத்தான் அதுக்குத் திரும்பத் தெரியும். நான் பாத்திருக்கேன். வழி இருந்தா அது வந்துகிட்டே இருக்கும்."

"கான்வென்ட்டுல கள்ளியப் பத்தியுமா சொல்லிக் குடுத்தாவ?" என்று யாரோ கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். பெர்னத்து சிரிக்கவில்லை. "ஏட்டி, உன் புருஷன் வார வழிய மறிக்கணும்ங்கியே, உனக்கு வாய் கூசல?" என்றாள்.

அன்றைக்கே அது வந்துவிட்டது. வெறுமனே சாத்தியிருந்த கதவை அது தொட்டதும் கதவு திறந்துகொண்டது. ஜெனோவா செரினைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய் நின்றாள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு பச்சைக் கோடு மாத்திரம், விளக்கின்முன் தலைமுடி ஒன்று விழுந்ததுபோல, முன்அறைக்குள் நகர்ந்து வந்தது. வெகுநேரம் ஓடிய டி.வி.யின் பின்பக்கத்தில் அடிக்கிற சூட்டு வாசனை. டொப், டொப். பீரோவில் முட்டியது. கண்ணாடி அதிர்ந்தது. நின்றது, திரும்பியது, வந்த வழியே படியிறங்கிப் போனது. வெளியே பெர்னத்து மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது. எல்லார் முகத்திலும் கடன் தீர்ந்தவர்களின் நிம்மதி.

அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அது வந்து போனது. படகுக் காகிதங்களுக்காக ஜெனோவா தூத்துக்குடிக்கு இரண்டு தடவை போகவேண்டி வந்தது; இரண்டு தடவையும் பிள்ளையை மைனியிடம் விட்டுவிட்டுப் போய், எட்டு மணி பஸ்ஸில் திரும்பினாள். இரண்டாம் தடவை திரும்பிய அன்று, செரினைச் சுவரோரம் உட்காரவைத்து, ரசம் ஊற்றிப் பிசைந்து, ஓர் உருண்டையை வாயருகே கொண்டுபோனாள். கை பிள்ளையின் கன்னத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டது.

செரின் இருந்தாள். இல்லை. இருந்தாள். இல்லை. அவள் இல்லாத கணங்களில் சுவரில் அவள் கிரேயானால் வரைந்த மீன் தெரிந்தது. பிறகு இருந்தாள். வாயைத் திறந்துகொண்டு உருண்டைக்காகக் காத்திருந்தாள்.

"என்னட்டி இது" என்று கேட்டு ஜெனோவா உருண்டையைத் தட்டில் போட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. இன்னைக்கும் தொட்டேன், அதான் இன்னும் மின்னுது. சரியாயிரும்." செரின் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் சதுரமாக ஒரு சிவப்புப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் ஆறிப்போன இன்னொன்று. "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. ரெண்டு போச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு."

"ஒண்ணுன்னா?"

"உயிரும்மா. மூணும் போனா மொதல்லேர்ந்து வரும்லா? மொதல்ல அப்பா இருக்காருல்லா?"

ஜெனோவா பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு எச்சில் கையோடு மைனி வீட்டுக்கு ஓடினாள். பெர்னத்து கருவாட்டுப் பானையை மூடிக்கொண்டிருந்தாள்.

"தொடச் சொன்னியளா மைனி?"

"அப்பாவக் கூட்டிட்டு வான்னு அதுகிட்டச் சொல்லச் சொன்னேன். கையப் பிடிச்சிச் சொல்லுன்னு சொன்னேன். அதுல என்ன?"

"ரெண்டு உயிரு போயிட்டு மைனி. எம்பிள்ளைக்கு இன்னும் ஒண்ணுதான் இருக்கு. என் கை அவளுக்குள்ள போயிட்டு வந்துச்சு."

"எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள் பெர்னத்து. பிறகு செரினைப் பார்த்தாள். பார்வையைப் பானைக்கே திருப்பிக்கொண்டாள். "அழுது அழுது உனக்குக் கண்ணு மங்கிட்டு."

"நாளைக்கு நான் தாழப் போட்டுருவேன்."

பெர்னத்து எழுந்த வேகத்தில் பானை உருண்டது. "போடுவியோ? போட்டா அவன் செத்தவன். ஆறு வயசுல எங்கம்மை செத்து, எம் மடியில கெடந்து வளந்தவன். கடல் இன்னும் சொல்லல, சாமியார் சொல்லல, நீ சொல்லப் போறியா? நாளைக்கு நான் உன் படியிலயே இருப்பேன். அந்த முடிச்ச அவுத்துப் பாரு, ஏட்டி, அவுத்துப் பாரு."

கடைசியில் அவள் குரல் உடைந்தது. ஜெனோவாவுக்கும் உடைந்தது. இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் அழுதார்கள். ஆனால் சேர்ந்து அழ முடியவில்லை.

மறுநாள் பகல் முழுக்க ஜெனோவா அதைத் தடுக்க வழி தேடினாள். அரிசி மூட்டையைத் தெருவில் இழுத்துப்போட்டாள். பத்து நிமிஷத்தில் அதை இரண்டு பேர் தூக்கிவந்து மரியாதையாக உள்ளேயே வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் செரின், "நான் நடந்தே வந்துருவேன்" என்று சொல்லிவிட்டாள், அவள் சொன்னால் செய்கிறவள், அப்பனைப்போல. சாயங்காலம் ஜெனோவா தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து மகளை முழங்காலுக்கிடையில் உட்காரவைத்துத் தலையில் தேய்த்தாள், பிள்ளை இருக்கிறாள் என்பதற்குக் கைக்கு ஏதாவது சாட்சி வேண்டியிருந்தது. கதவைச் சாத்தியிருந்தாள். படியின் ஓரத்தில் பெர்னத்து உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிற முணுமுணுப்பு கேட்டது.

டொப்.

தெருவின் பேச்சு அடங்கியது. ஏலக்கூடம் தாண்டியிருக்கும். டொப். ரைஸ்மில். டொப், டொப். கெபி. செரின் எண்ணெய்த் தலையோடு நழுவி எழுந்தாள். ஜெனோவா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து இடுப்போடு கட்டிக்கொண்டாள்.

"விடும்மா. ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு தொட்டா போதும், அப்பா மொதல்லேர்ந்து வந்துருவாரு. அப்பம் நீயும் அழமாட்ட."

பிள்ளை கெஞ்சியது. அந்த ஒரு மூச்சு நேரம் ஜெனோவாவுக்கும் அந்த முதல் தெரிந்தது. ஆவணி மாதத்துக் காலை, குப்புறப் படுத்திருக்கிற தொபியாஸ், கிரைண்டர் சத்தம், திரையில் யாருமே சாகாத முதல் கட்டம். விட்டுவிட்டால் என்ன என்று அவள் கை நினைத்தது. அப்புறம் அவன் யோசித்துச் சொன்ன பதில், அதே சட்டை போட்ட வேற ஆள், நினைவுக்கு வந்தது, அவள் எழுந்தாள்.

முடிச்சு அவிழவில்லை. கடற்காற்றில் ஊறி இறுகிக் கிடந்தது. விரல் நகம் பிய்ந்தது. பெர்னத்து கிழித்த மாதிரியே பல்லால் கடித்தாள். உப்பும் துருவும் தொபியாஸின் பீடி வாசனையும் வாய்க்குள் வர, நீலக் கட்டத் துணி இழை இழையாக விட்டது. தாழ்ப்பாள் நகரவில்லை. இத்தனை நாள் உப்புக்காற்றில் பிடித்த துரு, பழைய பெயிண்டோடு சேர்த்து, அதைச் சட்டத்தோடு ஒட்டிவைத்திருந்தது. எண்ணெய்க் கையால் அதைத் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து ஆட்டினாள். டொப், படிக்குக் கீழே. அவள் முதுகைக் கதவில் கொடுத்து, கால்களைத் தரையில் ஊன்றி, செரினை மார்போடு இறுக்கினாள்.

"என்னட்டி செய்யுத உள்ள? கதவுல ஏன் சாயுத?" என்று வெளியே பெர்னத்து கூவினாள். "வழிய விடுட்டி!"

டொப். கதவு அவள் முதுகில் இடித்தது. ஒரு விரல்கடை திறந்தது. அந்த இடுக்கு வழியே சூட்டு வாசனை வந்தது. அவள் ஒரு மூட்டை மாதிரி தன்னையே கதவில் அழுத்தினாள். செரின் கையை அந்த இடுக்குக்கு நீட்டினாள். ஜெனோவா அந்தக் கையைத் தன் வாயால் கவ்விக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே அது நின்றது. ஒருகணம். பிறகு, ஒரு கோபமும் இல்லாமல், டொப், ஒரு படி கீழே. டொப். கெபிப் பக்கமாக. அதற்கு யாரும் இதுவரை இந்த வீட்டு வாசலில் ஒரு சுவரைக் கொடுக்கவில்லை. கொடுத்ததும் திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்தது. ஜெனோவாவுக்கு அதன்மேல் பாவமாகக்கூட இருந்தது. கதவைவிட்டு அரை அடி நகர்ந்து, தாழ்ப்பாளின் குமிழில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அப்போது படியில் யாரோ காலைத் தட்டினார்கள்.

இரண்டு தடவை. இடது கால், வலது கால். மணலை உதறிவிட்டு வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் ஆறு வருஷமாக அவள் தினமும் கேட்ட தட்டல்.

"அப்பா" என்றாள் செரின்.

ஜெனோவாவின் கை குமிழின் மேலேயே நின்றது. தள்ளவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. வெளியே பெர்னத்து, "எய்யா, வந்துட்டியாய்யா, எஞ்செல்லம்" என்று அலறிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது, படியிறங்குகிற சத்தம், தம்பியின் முகத்தைப் பார்க்க அவனுக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வருகிற காலடி.

பிறகு பெர்னத்தின் அழுகை நின்றது.

கதவின் மறுபக்கத்தில், பலகையோடு வாயை வைத்துப் பேசுவதுபோல, மிகவும் சின்னதாக, கிழவிபோல ஆகிவிட்ட ஒரு குரல் வந்தது.

"பிள்ளே. சாரம் அவன்துதான். நானே துவச்சிப் போட்டது. பக்கத்துல இருந்து பாத்தா அவனேதான், தோளு, காது, எல்லாம் அவன்துதான்." ஜெபமாலை மணிகள் பலகையில் உரசின. "மொகத்தப் பாக்கலாம்னு முன்னால போனேன். முன்னால ஒண்ணும் இல்ல பிள்ளே. கோடா நிக்கான்."

காலைத் தட்டுகிற சத்தம் மறுபடி கேட்டது. இரண்டு தடவை. அதே மாதிரி, ஒரு இம்மிகூட மாறாமல்.

"எந்தம்பி செத்துப் போயிட்டான்" என்றாள் பெர்னத்து. "போடு. தாழப் போடு."

ஜெனோவா மகளின் முகத்தைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டு எண்ணெய்க் கையால் தள்ளினாள். பெயிண்ட் உதிர்ந்தது, துரு முனகியது, இரும்பு நகர்ந்து குழிக்குள் போய் விழுந்தது.